வீட்டுக் காணொளியும் தொலைக்காட்சிப் பெட்டியும்

நீரை அணையிற் கட்டி, ஆற்றிற் செலுத்தி, வாய்க்காலிற் பிரித்து, மடையிற் பாய்ச்சி வாழும் சோழநாட்டார்க்குத் தேக்குதல் வேறு, ஓடவிடுதல் வேறு என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஏரியில் நிற்கும் நீர் ஊராருடையது. ஆற்றில் வரும் நீரோ மேலே மதகைத் திறப்பார் கையில் உள்ளது. எனினும் இந்நாட்டு இளைஞரே காணொளியைப் பற்றிப் பேசுங்கால் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். கைப்பேசியில் ஓடும் படம் எங்கே தேக்கப்பட்டுள்ளது, எவ்வழியாக ஓடிவருகின்றது என்று வினவினால், இணையத்திலிருந்து வருகின்றது என்னும் ஒரே விடை கிடைக்கின்றது. வீட்டில் எடுத்த படத்தை அவ்வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிற் காண்பதற்கும் இணையம் இன்றியமையாதது என்றே பலரும் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையென்று காட்டுதலும், செய்யத்தக்க வழியை விளக்குதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வழியை யாம் நூல்களிற் கற்றதைவிட ஒரத்தநாட்டில் ஒரு வீட்டிற் கற்றதே மிகுதியாதலின், அவ்வீட்டினின்றே தொடங்குவோம்.

ஒரத்தநாடு தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணையோடு பயன்பாட்டிற்கு வந்த கல்லணைக் கால்வாய் பாயும் நாடு அது. அவ்வூரினின்று வந்து எம் கல்லூரி விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு விடுமுறை முடிந்து திரும்பியபோது, பழைய வி.எச்.எஸ். காசெட்டுகள் மூன்றினைத் துண்டில் முடிந்துகொண்டு எம்மிடம் வந்தார். அவை 1994இல் நடந்த அவருடைய அத்தையின் திருமணப் படங்கள். அவர்தம் பாட்டனார் அதற்குச் சில ஆண்டுகளின் பின் காலமாயினர். மாணவர் அவரைக் கண்டதிலர். நிழற்படங்கள் இரண்டு சுவரில் உள. ஆயின் அவர் நடந்ததும், நின்றதும், கைகூப்பியதும் இக்காசெட்டுகளிலன்றி வேறெங்கும் இல்லை. முன்னொருகால் சித்தப்பா ஒருவர் முதற் காசெட்டைக் குறுந்தட்டிற் பெயர்த்து வைத்திருந்தார். அத்தட்டும் பழுதுபடத் தொடங்கவே, மாணவர் அதிற் படிந்த அளவைத் தம் கைப்பேசியில் ஏற்றி அப்பாயியிடம் காட்டினராம். எண்பதை நெருங்கிய அவ்வம்மையார் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய், "தம்பி, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, இதுல உங்க தாத்தா எது?" என்று வினவினராம். அவர்க்குப் பார்வை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. இனித் தாழ்த்துதல் ஆகாது என்பதே மாணவர் எம்மிடம் வந்ததன் காரணம்.

காரியத்துட் புகுமுன் தொலைக்காட்சியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று. நம் நாட்டில் அது 1959ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தில்லியில் தொடங்கிற்று. சென்னைக்கு 1975இல் வந்தது. சென்னை நிலையத்தின் அலை எட்டாத நாளில், 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியை, மாடியில் உயர்ந்த கம்பம் நட்டு, ஆண்டெனாவைத் தென்கிழக்கே திருப்பித் திருப்பிக் கண்ட முதியோர் தஞ்சைக் கடற்கரை ஊர்களில் இன்றும் உளர். பின்னர்க் கேபிள் வந்தது. மாடிதோறும் டிஷ் வந்தது. 2006இல் தமிழ்நாட்டரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கவே, சிற்றூர்க் குடிசையிலும் பெட்டி புகுந்தது. இவை யாவற்றிலும் படம் வெளியிலிருந்தே வந்தது. எதனை எப்போது காண்பது என்பதை நிலையத்தார் வகுத்தனர். வீட்டார் எதிரே அமர்ந்தனர். 1976இல் ஜப்பானிய நிறுவனமாகிய ஜே.வி.சி. வெளியிட்ட வி.எச்.எஸ். காசெட்டு இந்நாட்டுத் திருமண வீடுகளில் 1980களிற் பரவிய பின்னரே, வீட்டார் தம் முகத்தைத் தம் பெட்டியிற் கண்டனர். அந்தோ, காசெட்டை ஓட்டும் கருவிகள் மறைந்தபோது அம்முகங்களும் டிரங்குப் பெட்டிக்குட் சென்று அடங்கின!

இனி, வீட்டுப் படம் பெட்டியை அடையும் முறையைக் கூறுவோம். இதற்கு வேண்டியன மூன்று: படங்களைச் சேமித்து வைக்கும் இடம், கேட்டபோது எடுத்து வழங்குவது, பெற்று விரித்துக் காட்டுவது. முன்னது ஹார்டு டிஸ்க், நடுவணது வழங்கி, பின்னது திரையோடு இணைந்த கருவி. இம்மூன்றும் தனித்தனியே இருக்கலாம். ஒரு சிறு பெட்டிக்குள் ஒன்றாகவும் அமையலாம். வழங்கி என்னும் சொல்லைக் கேட்டு ஒரத்தநாட்டார் மருள வேண்டுவதில்லை. இரண்டாம் சரபோசி மன்னர் அவ்வூரில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம், இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்க்கு உணவு வழங்கிய இடமன்றோ? அங்கே அடுக்களை ஒன்று, இலைகள் பல. சமைத்தவர் இலைதோறும் போய் அடுப்பு மூட்டவில்லை. அதுபோலவே, ஒரு ஹார்டு டிஸ்கில் உள்ள படத்தைக் கூடத்துப் பெட்டியும், உள்ளறைப் பெட்டியும், பேரன் கைப்பேசியும் ஒரே நேரத்திற் கேட்டுப் பெறலாம். கேட்பது ஒவ்வொன்றும் முழுப் படத்தையும் பெற்றுத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. சிறிது சிறிதாகப் பெறும், காட்டும், விட்டுவிடும். இதனையே ஓடையாக அனுப்புதல் என்கின்றோம். காட்டும் கருவி முன்னெச்சரிக்கையாய்ச் சில நொடிகளுக்கு உரிய பகுதியை எப்போதும் தன்னிடம் தேக்கி வைத்துக்கொள்ளும். வரத்து இடையே குறைந்தாலும் அக்குட்டையில் நீர் உள்ளவரை படம் தடையின்றி ஓடும். குட்டை வற்றினால், திரையில் வட்டம் சுழலக் காண்போம்.

எவ்வளவு வரத்து வேண்டும்? இவ்விடத்துக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி முறையாகிய 'பால்' முறையில் நொடிக்கு 25 சட்டங்கள். ஒரு சட்டத்தைக் கணினிக்கு ஏற்பப் பெயர்த்தால், அகலத்தில் 720 புள்ளிகளும் உயரத்தில் 576 வரிகளும் உள. புள்ளிக்கு இரண்டு பைட்டு என்று கொள்ளின், ஒரு நொடிப் படத்திற்கு ஏறத்தாழ 2 கோடியே 7 இலட்சம் பைட்டு ஆகும். ஒரு மணி நேரத்திற்கு 74 ஜிகாபைட்டுக்கு மேற்படும். இதனை அவ்வாறே வைத்தால் மூன்று மணித் திருமணம் ஒன்றே சிறிய ஹார்டு டிஸ்கை நிரப்பிவிடும். ஆதலின் சுருக்குகின்றனர். திருமணப் பந்தலில் வாழைமரமும் தொங்கலும் பின்திரையும் அசையாது நிற்க, நாகசுரக்காரர் கன்னமும் தவிற்காரர் கையுமே அசைகின்றன. அசையாத வாழைமரத்தை நொடிக்கு 25 முறை எழுதுவானேன்? ஒருமுறை முழுச் சட்டத்தை எழுதி, பின்வரும் சட்டங்களில் மாறிய பகுதியை மட்டும் எழுதினாற் போதும். மேலும் மனிதக் கண் நிறத்தின் நுண்மையை ஒளியின் நுண்மையளவு அறிவதில்லை. ஆதலின் நிறத்தை அரைகுறையாக எழுதினாலும் குற்றம் தோன்றாது. இவ்வுபாயங்களால், நொடிக்கு 3 மெகாபிட்டு அளவில், ஒரு மணி நேரம் ஒன்றேகால் ஜிகாபைட்டுக்குச் சற்று மேற்பட அடங்கிவிடுகின்றது. மூன்று மணிக் காசெட்டு ஒன்றுக்கு 4 ஜிகாபைட்டு. ஒரு டெராபைட்டு ஹார்டு டிஸ்கில் இத்தகைய காசெட்டுகள் ஏறத்தாழ 250 கொள்ளும். அத்துணைத் திருமணம் நடந்த குடும்பம் எந்நாட்டிலும் இராது.

சுருக்கும் முறை ஒன்றன்று, பல. டி.வி.டி. தட்டுகளில் எம்பெக்-2 என்னும் முறை இருந்தது. 2003இல் எச்.264 வந்தது, இன்றும் யாண்டும் செல்லும் நாணயம் இதுவே. 2013இல் வந்த எச்.265 அதே தெளிவை ஏறத்தாழப் பாதியிடத்தில் அடக்கும். ஆயின் பழைய கருவிகள் அதனை விரிக்கமாட்டா. ஈண்டு மாணவர் பலர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. கோப்பின் பெயரிறுதியில் நிற்கும் 'எம்பி4', 'எம்கேவி' என்பன சாக்கின் பெயர்களேயன்றி, உள்ளே இருக்கும் நெல்லின் பெயர்கள் அல்ல. ஒரே எம்கேவி சாக்கில் எச்.264உம் இருக்கலாம், எச்.265உம் இருக்கலாம். "அந்த எம்கேவி ஓடிற்று, இந்த எம்கேவி ஓடவில்லை, பெட்டி கெட்டுவிட்டது" என்று முறையிடுவோர் சாக்கைக் கண்டு நெல்லை மதிப்பிட்டவராவர். பெறும் கருவிக்கு விரிக்கத் தெரியாத முறையாயின், வழங்கியே அதனை அவிழ்த்து, எளிய முறையில் மீளச் சுருக்கி அனுப்புதலும் உண்டு. சத்திரத்திற் பல் முளையாத குழந்தைக்குச் சோற்றைக் குழைத்து ஊட்டுவதை ஒக்கும் இது. ஆனால் இவ்வாறு குழைத்தற்கு வலிமையுள்ள கணினி வேண்டும். சிறு கருவி திணறும். ஆதலின் முதலிலேயே எல்லாப் பெட்டிக்கும் ஏற்ற எச்.264 முறையிற் சேமித்துவிடுதலே வீட்டாருக்கு நன்று என்பது எம் துணிபு.

தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்து யு.எஸ்.பி. துளையில் நேரே ஹார்டு டிஸ்கைச் செருகினால் ஆகாதோ என்று வினவுவர். ஆகும், ஒரு பெட்டிக்கு ஆகும், அப்பெட்டி புதியதாயின் ஆகும். எம் மாணவர் வீட்டிலோ பெட்டிகள் இரண்டு. கூடத்தில் உள்ளது 32 அங்குலப் புதிய பெட்டி. அப்பாயியின் அறையில் உள்ளது அரசு வழங்கிய 14 அங்குலப் பழைய பெட்டி. வீட்டார் பலமுறை அகற்ற முயன்றும் அம்மையார் அதனை விடவில்லை. கட்டிலிலிருந்து ஒரு முழத்தில் வைத்துக்கொண்டு, அதன் ஒளியிலேயே உறங்குகின்றார். அதற்கு யு.எஸ்.பி. இல்லை, எச்.டி.எம்.ஐ. இல்லை, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்னும் மூன்று துளைகளே உண்டு. 

இவ்விரண்டிற்கும் ஒருங்கே பொருந்துவதோர் கருவியாக யாம் தேர்ந்தது ராஸ்பெரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், எபன் அப்டன் முதலியோர் பள்ளிச் சிறுவர் கணினி பயிலுதற்பொருட்டு 2009இல் ஓர் அறநிறுவனம் கண்டு, 2012 பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு விட்ட சிறு கணினி இது. முதலில் 35 டாலர் விலையிற் கிடைத்தது. அகல நீளம் உள்ளங்கைக்குள் அடங்கும். சிறுவர்க்கென்று செய்த கருவி வீட்டுத் திரையரங்காயினமை, செய்தோர் எதிர்பாராத பயன்களுள் ஒன்று போலும். யாம் கொண்டது 2016இல் வெளிவந்த மூன்றாம் வகை. எச்.டி.எம்.ஐ. துளையோடு, பழைய பெட்டிக்குரிய மஞ்சள் துளைச் சமிக்ஞையையும் ஒலித் துளை வழியே அது தரும். ஹார்டு டிஸ்கையும் சேர்த்து ஏறத்தாழ 6 வாட்டு மின்சாரம் உண்ணும். அல்லும் பகலும் ஓடினும் இரண்டு திங்களுக்கு 9 யூனிட்டுக்குள் அடங்கும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2016இல் இரு திங்களுக்கு 100 யூனிட்டு இலவசமாக்கப்பட்டது; இதனால் மின்கட்டணம் பெரிதும் ஏறுமென்று அஞ்சவேண்டுவதில்லை.

அதனுள் இடும் செயலி கோடி. 'எக்ஸ்பாக்ஸ்' என்னும் விளையாட்டுப் பெட்டியிற் படம் ஓட்டுதற்பொருட்டு ஆர்வலர் சிலர் 2002இல் தொடங்கியது; 2014இற்றான் இப்பெயர் பெற்றது. காசு கொடாமல் எவரும் கொள்ளலாம். அதன் மூலநிரலையும் எவரும் வாசிக்கலாம். கோடியே திரையிற் காட்டவும் செய்யும், பிற பெட்டிகட்கு வழங்கவும் செய்யும். கூடத்துப் புதிய பெட்டி டி.எல்.என்.ஏ. என்னும் பொதுமுறையை அறிந்திருந்தது. சோனி முதலிய நிறுவனங்கள் 2003இல் கூடி வகுத்த முறை அது. கூட்டமைப்பு 2017இற் கலைந்துவிட்டதாயினும், முறை பெட்டிகளில் இன்னும் வழங்குகின்றது. இருவேறு நிறுவனத்தார் செய்த கருவிகள் ஒன்றையொன்று அறியாமலே உரையாடுதற்கு இதுவே காரணம். பல பெட்டியும் பலர் கணக்கும் உள்ள பெரிய குடும்பத்தார், 2018இற் பிறந்த ஜெல்லிஃபின் என்னும் வழங்கியை வலிய கணினியொன்றில் அமைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் கொண்டு ஒரு சனிக்கிழமை ஒரத்தநாடு சென்றோம். ஆயின் காசெட்டைப் பெயர்த்தற்குப் பட்ட பாடே பெரும்பாடு. ஓட்டும் கருவி வேண்டுமே! பல ஊர் வினவி, நிழற்படக்காரர் ஒருவர் பரண்மேற் போட்டு வைத்திருந்த வி.சி.ஆர். ஒன்றைப் பெற்றோம். சமிக்ஞையைக் கணினிக்குள் வாங்கும் சிறு இணைப்பானை யு.எஸ்.பி. துளையிற் செருகி, காசெட்டை ஓட்டிப் பதியவேண்டும். இதிற் குறுக்குவழி இல்லை. மூன்று மணிப் படத்தைப் பெயர்க்க மூன்று மணி நேரம் ஆகும். முதலிரண்டு காசெட்டுகளும் ஒருவாறு பெயர்ந்தன. பெண் அழைப்பும் விருந்தும் அவற்றில் இருந்தன. பாட்டனார் கூட்டத்தின் நடுவே முதுகு காட்டி இருமுறை கடந்தார், அவ்வளவே. முகூர்த்தம் பதிந்த மூன்றாங் காசெட்டின் கண்ணாடிச் சாளரத்தூடே நோக்கியபோது, நாடாவின் விளிம்பில் வெண்ணிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. டெல்டாவின் ஐப்பசி ஈரம் முப்பதாண்டு வேலை செய்திருந்தது. இந்நிலையில் உள்ள நாடாவை அப்படியே ஓட்டினால், நாடாவும் அறும், கருவியின் தலையும் அழுக்கேறிப் பிற காசெட்டுகளையும் கெடுக்கும். மாணவர் உடனே ஓட்டிப் பார்க்கத் துடித்தார், யாம் தடுத்தோம். நாடாவை வெயிற்படாத உலர்ந்த இடத்தில் சில நாள் வைத்து, பின் காசெட்டைத் திறந்து, தூய ஐசோபுரொபைல் ஆல்கஹால் சிறிதே தோய்த்த மென்துணியினூடே கையால் மெல்லச் சுற்றி, இருமுறை துடைத்தோம். அதன்பின் ஒரே முறை ஓட்டிப் பதிந்தோம். ஒரு மணிப் பதிவில் நாற்பது நிமிடமே தேறிற்று. ஆனால் வாயிலில் நின்று வருவோர்க்குச் சந்தனம் கொடுத்து வரவேற்கும் பாட்டனார், ஏறத்தாழ நான்கு நிமிடம், முகம் தெரிய நிற்கின்றார்.

முதலிற் கூடத்துப் பெட்டியில் எச்.டி.எம்.ஐ. வழியே ஓட்டினோம். வீட்டார் அனைவரும் கூடியிருந்தனர். படம் வந்ததும் அம்மையாரை நாற்காலியில் அருகே இருத்தினோம். சற்று நேரம் நோக்கிவிட்டு, "உங்க தாத்தா இவ்ளோ தடியா இருந்ததே இல்லப்பா" என்றார். வீட்டார் நகைத்தனர். அவர் கூற்றே உண்மை! பழைய படம் அகலத்திற்கும் உயரத்திற்கும் நான்குக்கு மூன்று என்னும் அளவினது. புதிய திரை பதினாறுக்கு ஒன்பது. திரை நிரம்பவேண்டுமென்று பெட்டி படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டது. அளவைத் திருத்தினோம்; இருபுறமும் கரும்பட்டை விழ, பாட்டனார் மெலிந்து தம் உருவம் பெற்றார். ஆயினும் அவர் கையசைக்குந்தோறும் விளிம்பிற் சீப்பின் பற்கள் போன்ற கோடுகள் தோன்றின. பழைய முறையில் ஒரு சட்டத்தின் ஒற்றை வரிகள் முன்னும் இரட்டை வரிகள் பின்னுமாக எழுதப்படும். இரண்டற்கும் இடையே நொடியின் ஐம்பதில் ஒரு கூறு கழிந்துவிடும். புதிய திரை இரண்டையும் ஒருங்கே காட்டுதலின், அசைந்த கை ஈரிடத்தும் தெரிகின்றது. செயலியில் வரிகளைப் பிரித்துக் காட்டும் அமைப்பை இயக்கியபின் பெரும்பாலும் நீங்கிற்று.

பிறகு கருவியை அப்பாயியின் அறைக்குக் கொண்டுபோனோம். ஈண்டு இருமுறை இடறினோம். கடையில் வாங்கிய மூவண்ணக் கம்பியை இணைத்தபோது படமே வரவில்லை. ஒலித் துளையிற் செருகும் நான்கு வளையக் கம்பிகள் பார்வைக்கு ஒன்றாயினும், படத்திற்குரிய வளையம் எது, நிலத்திற்குரியது எது என்பது கம்பிக்குக் கம்பி வேறுபடும். வேறு கம்பி மாற்றியபின் படம் வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையாய் வந்தது. அக்கருவி இயல்பில் அமெரிக்க முறையாகிய 'என்.டி.எஸ்.சி.'யிற் சமிக்ஞை தரும். நம் பெட்டியோ 'பால்' முறையது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி எழுதியதும் அரக்குப் பட்டும் சந்தனமும் நிறம் பெற்றன. மற்றோர் இடையூறு, திரையின் மூலையில் மின்னல் வடிவம் ஒன்று அடிக்கடி தோன்றியது. மின்னழுத்தம் குறைகின்றதென்பதற்கு அறிகுறி அது. மாணவர் கைப்பேசிக்குரிய மின்னூட்டியைச் செருகியிருந்தார். கருவிக்குரிய இரண்டரை ஆம்பியர் மின்னூட்டியை இட்டபின் மறைந்தது. இவ்வடையாளத்தைப் பொருட்படுத்தாது ஓட்டினால் ஹார்டு டிஸ்கு இடையில் நின்று கோப்புகள் சிதையக்கூடும்.

வியப்பு யாதெனின், கூடத்துப் பெரிய பெட்டியைவிட இப்பழைய சிறு பெட்டியில் அப்படம் அழகாயிருந்தது. வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எழுதும் படக்குழாய்க்கென்றே எடுத்த படமாதலின், சீப்புக் கோடும் இல்லை, இழுப்பும் இல்லை. அம்மையார் அப்பெட்டியை விடாது வைத்திருந்தது எத்துணை நன்று!

கூடத்துப் பெட்டி இனி வைஃபை வழியே இவ்வறையிலிருந்து படத்தைப் பெறும். வீட்டு ரௌட்டரில் இணையக் கம்பி இணைந்திருக்க வேண்டும் என்பதில்லை. ரௌட்டருக்கு மின்சாரம் இருந்தாற் போதும். அது வீட்டினுள் ஓலை கொண்டுசெல்லும் தூதுவனே. திருமணப் படத்திற்கு நொடிக்கு 3 மெகாபிட்டு வேண்டும்; சுவரிரண்டு கடந்தாலும் வைஃபை அதனைத் தாங்கும். இக்காலத்துக் கைப்பேசியில் எடுக்கும் மிகத் தெளிந்த படங்கள் நொடிக்கு 50 மெகாபிட்டு வரை கேட்கும். அவற்றிற்குக் கம்பி இணைப்பே தக்கது. வாய்க்காலின் அகலத்திற்கு மேல் நீர் விட்டாற் கரை உடையும். இங்கே கரை உடைவதில்லை, படம் நின்று நின்று ஓடும். அதற்கு இணைய நிறுவனத்தாரைக் குறைகூறிப் பயனில்லை.

இணையமின்றி இயங்குவதன் அருமையை அவ்வூரார்க்கு யாம் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. கம்பங்கள் வீழ்ந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன, கேபிள் அறுந்தது. மின்சாரம் திரும்பப் பல ஊர்களிற் பல வாரம் சென்றன. மின்சாரம் இன்றேல் எம் கருவியும் ஊமையே. இதனை மறைத்துப் பேசுவது முறையன்று. ஆயின் மின்சாரம் வந்த அன்றே வீட்டுப் படங்கள் வந்துவிடும்; கேபிளும் இணையமும் சீர்ப்படும்வரை காத்திரா.

புயலைவிடப் பெரும் பகை ஹார்டு டிஸ்கின் மூப்பு. அது ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். தஞ்சைச் சரசுவதி மகாலில் இன்று நாம் காணும் பழைய சுவடிகளுட் பல, இற்றுப்போகுமுன் யாரோ ஒருவர் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதியமையால் நின்றவை. அம்முறையே ஈண்டும். எனவே மூன்று படிகள் எடுத்தோம். ஒன்று கருவியோடு உள்ளது. ஒன்று அணைத்து, பொதிந்து, அலமாரியில் உள்ளது. மற்றொன்று மணமகளாயிருந்த அத்தையின் வீட்டிற்குச் சென்றது. காசெட்டுகளையும் எறியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மூன்றனையும் ஓட்டிப் பார்க்கும் பொறுப்பை மாணவர் ஏற்றுள்ளார்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். இக்கருவிகளைக் கொண்டு, உரிமை பெறாது திரைப்படங்களைத் திருடிக் காண்போர் மிகப் பலர். கோடிக்கு வந்த கெட்ட பெயர் அவர்களால் வந்தது. மற்றொன்று, 'எல்லாம் இலவசம்' என்று விற்கும் மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகள் சிலவற்றில், விற்கும்போதே தீநிரல் உள்ளிடப்பட்டிருந்தமையை 2023இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். வீட்டுப் படங்கள் உள்ள இடத்தில் அத்தகைய பெட்டியை இணைத்தல், திறவுகோலை வழிப்போக்கனிடம் கொடுத்தலாகும்.

அன்று மாலை வேலை முடிந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அம்மையார் கட்டிலில் அமர்ந்து, நான்கு நிமிடத்தையும் மும்முறை கண்டார். நாகசுர ஒலி மிகுதியால் படத்திற் பேசுவோர் குரல் எதுவும் எமக்குக் கேட்கவில்லை. ஓரிடத்திற் பாட்டனார் சந்தனக் கிண்ணத்தைக் கைமாற்றிவிட்டு, உள்ளே திரும்பி யாரிடமோ ஏதோ வினவுகின்றார். அவர் யாது கூறுகின்றார் என்று மாணவர் தமக்குள் முணுமுணுத்தார். அம்மையார் திரையினின்று கண்ணெடாமலே விடை கூறினார்: "முதப் பந்திக்கு இலை போட்டாச்சான்னு என்னையத்தான் கேக்குறாக."

பேரன் ரிமோட்டின் எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்பதை அவர் விரலைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, யாம் கம்பிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தஞ்சைப் பேருந்துக்குப் புறப்பட்டோம்.